எண்ணெய்க் கையோடு எறிந்த தட்டு

ஏய்யா கௌரிசங்கர்,

பின்லாந்துக் குளிரில் உன்னை இலஞ்சிக் குமரன் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் உங்க அப்பாவும் சுகம், சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர நேற்றிலிருந்து எனக்குப் படபடப்பு அடங்கவில்லை, பயப்படாதே, நோய் நொடி இல்லை, சொல்லுகிறேன்.

இந்த வருஷம் சாரல் விடாமல் விழுகிறது, துவைத்த துணி காய்வதே இல்லை, குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லையாம். அப்பா நேற்றுக் காலையில் பழைய அருவிக்குப் போனார், அங்கே ஆள் வைத்து உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு எழுந்தால், தண்ணீர் கூடிப்போச்சு, குளிக்கத் தடை என்று போலீஸ் எல்லோரையும் விரட்டிவிட்டது. எண்ணெயும் துண்டுமாக அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார், பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லையாம். அவர் வந்ததே எனக்குத் தெரியாது, புழக்கடையில் துணி உதறிக்கொண்டிருந்தேன். காதோரம் விர்ரென்று என்னவோ போச்சு, அடுத்த வீட்டு ஹாஜரா பீவி ஓட்டில் மடாரென்று விழுந்தது. குரங்குதான் என்று கம்பை எடுத்துக்கொண்டு திரும்பினால் தென்னை மரத்தடியில் உங்க அப்பா நிற்கிறார், காலடியில் நீ விட்டுப்போன, எறிந்து விளையாடுகிற தட்டுப் பை.

அந்தப் பையைக் கிணற்றில் போட்டுவிட்டேன் என்றல்லவா என்னிடம் சொன்னார். பேங்க் வேலையை விட்டுவிட்டுச் சீமையில் போய்ச் சங்கிலி தொங்குகிற கூடைக்குள் பிளாஸ்டிக் தட்டு எறிகிற விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கிறவன் எனக்கு மகனே இல்லை என்று உன்னை அனுப்பினவர், போன ஆடியிலிருந்து உன் பேரையே எடுக்காதவர். நீ தமிழில் பேசி அனுப்புகிற பாடத்தை நான் போனில் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

உடைந்த ஓட்டோடு ஹாஜரா வந்து, என்ன அண்ணாச்சி, மகனத்தான் வெரட்டியாச்சு, இப்ப எங்களையுமா வெரட்டுதிய என்றாள். அப்பா நிதானமாக, நான் சரியாத்தாம்மா எறிஞ்சேன், கையால வீசக் கூடாது, இடுப்பத் திருப்பணும், தட்டு நெஞ்ச ஒட்டி நேரா வரணும், கடைசிலதான் வெரல விடணும், எண்ணெக் கையில்லா, அதுக்கு முன்னாலயே வழுக்கிட்டு என்கிறார். அத்தனையும் உன் வார்த்தை ஐயா. நான் கம்பைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

சாயந்திரம் அவளுக்கு ஓடு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து, ஏட்டி, தட்டு பாதி தூரம் போனதும் முன்பக்கத்தத் தூக்கிக்கிட்டுப் பொத்துன்னு விழுதே, அது எதுக்குன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். எடுத்தார் என்றால் பேங்க் பேச்சு வேண்டாம், மன்னிப்பும் கேட்காதே, தட்டு ஏன் தூக்குகிறது என்று மட்டும் சொல்லிக்கொடு. மணி அடித்து நின்றுபோனால் விட்டுவிடாதே, மறுபடியும் அடி, அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீயும் உன்னிடம் படிக்க வருகிறவர்களும் ஆயுசோடு நல்லா இருக்கணும்.

தென்காசியிலிருந்து உன் அம்மா
வடிவாம்பாள்