நெட்வொர்க் எடுக்காதன்னு நான் சொன்னதப் பத்தி

என் வாண்டுக்கு,

நான் நல்லா இருக்கேன்னு எழுதினா நீ நம்பமாட்ட, அதனால மூணு வேளையும் சாப்பிடறேன், வேலைக்குப் போறேன்னு மட்டும் எழுதறேன். நீ நல்லா இருக்கணும், ஹாஸ்டல்ல வேளைக்குச் சாப்பிடணும். வாட்ஸ்அப் கால்ல பேசறப்ப நடுவுல கட் ஆகுதுன்னு கோவப்பட்டியே, தப்பு நம்ம வீட்டு ரவுட்டர்லதான். தூசி படியாம இருக்கட்டும்னு அம்மா அது மேல ஒரு துணி போட்டு வைப்பா, சூடாயிடும்டின்னு நான் எடுப்பேன், அவ திரும்பப் போடுவா. அவ போயி ஏழு வாரமாச்சு. துணி அப்படியே இருக்கு. சூடாகி அடிக்கடி நின்னுபோகுது, நெட்வொர்க் வேலை பாக்கறவன் வீட்டுலயே இந்த லட்சணம்.

ஆபீஸ் விஷயம் உனக்கு முழுசா சொல்லல. ஆறு பேர் இருந்த எங்க டீம்ல இப்ப மூணே பேர். சர்வர் ரூம்ல இருந்த மெஷினையெல்லாம் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க, எல்லாம் கிளவுடுக்குப் போயிடுச்சு. ஏசி மட்டும் காலி ரூமுக்கு ஓடிட்டிருக்கு, மெஷின அடுக்கி வச்சிருந்த ராக் நின்ன இடத்துல தரையில நாலு நாலு தழும்பு. அடுத்த மாசம் ஒரே ஒரு இடம்தானாம், அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்களே மறுபடியும் விண்ணப்பம் போடணுமாம். அதுக்குள்ள எங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதிக் கொடுக்கணும், புதுசா வந்திருக்கற சாப்ட்வேர் அதப் படிச்சுட்டு அதுவே பாத்துக்குமாம். பக்கத்து சீட்டு குண்டன் இருக்கானே, நம்ம சாவுக்கு நாமளே பத்திரிகை அடிக்கறோம் மாமேன்னு சிரிச்சான். அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, டீ சொல்லவான்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டான்.

போன செவ்வாக்கிழமை நான் ஒரு தப்பு பண்ணேன். தூரத்துல இருக்கற ரவுட்டர்ல கைய வைக்கறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷத்துல தானா ரீஸ்டார்ட் ஆகி பழைய நிலைக்குத் திரும்பிடுன்னு ஒரு கட்டளை போட்டுட்டுதான் தொடணும். எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பேன். அன்னிக்கு அதப் போடாமலே எங்க கம்பெனியோட மருந்துக்கடைக் கிளை ஒண்ணுல செட்டிங்க மாத்தி, நான் உள்ள போற வழியையே அடைச்சுட்டேன். சாவிய உள்ள வச்சுட்டு கதவச் சாத்தின கதைதான். கடையில பில் போட முடியல, ஜனங்க மருந்துச் சீட்டோட வரிசையில நிக்கறாங்க. புது சாப்ட்வேரோ, லைன் அறுந்துபோச்சு, லைன் குடுக்கற கம்பெனியக் கூப்பிடுன்னே சொல்லிட்டிருந்துது. நான் மாத்தினத சேவ் பண்ணல, பிளக்கப் பிடுங்கி சொருகினா பழையபடி ஆயிடும், இது புதுசா சேர்ந்தவனுக்கே தெரியும். எனக்குத் தோண ரெண்டு மணி நேரம் ஆச்சு வாண்டு. திரையவே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கடைசில அந்தக் கடையில மருந்து எடுத்துக் குடுக்கற லேடிக்கு போனப் போட்டு, பீரோ மேல அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி கைய விடுங்கன்னேன். எல்லா லைட்டும் பச்சையாத்தான் எரியுது சார், ஒண்ணும்தான் நடக்கல, எங்க மேனேஜர் மாதிரியேன்னாங்க. பிளக்கப் பிடுங்கி சொருகினாங்க, சரியாச்சு. அந்த ரவுட்டர் பீரோ மேல இருக்குன்னு எந்தச் சாப்ட்வேருக்கும் தெரியாது. ஆனா அத வச்சு என் வேலை தப்பிச்சுடும்னு நினைக்காத. மேலிடத்துக்குத் தெரிஞ்சது நான் கவுத்த ரெண்டு மணி நேரம்தான்.

இப்ப உன் விஷயம். ஞாயித்துக்கிழமை நீ, மூணாம் வருஷத்துக்கு நெட்வொர்க் பிரிவுதான் எடுக்கப்போறேன்ப்பான்னு சொன்ன. இந்தத் தொழிலுக்கு எதிர்காலமே இல்ல, எடுக்காதன்னேன். நீ சரிப்பான்னுட்ட. எதுக்கும் மல்லுக்கு நிக்கறவ நீ, அந்தச் சரிப்பா என்னத் தூங்க விடல. அம்மா போனதுலருந்து எதப் பாத்தாலும் எனக்கு முடிஞ்சுபோன மாதிரிதான் தெரியுது. தொழில் முடிஞ்சுதா, நான்தான் முடிஞ்சேனான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாம சொல்லிட்டேன். இன்னொண்ணும் மறைக்கல. இந்தப் படிப்பு வேணாம்னா எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவியோன்னு ஒரு ஆசை இருந்துது. ஒரு அப்பன் அப்படி ஆசைப்படக்கூடாது. அதனால நான் சொன்னத நம்பாத. கேபிள் மாட்டறது, பாஸ்வேர்டு மாத்திக் கொடுக்கறது இதெல்லாம் போயிடும், இப்பவே போயிட்டிருக்கு. செக்யூரிட்டி, புரோகிராம் எழுதறது, ஏன் நின்னுதுன்னு கண்டுபிடிக்கறது, இதுக்கு ஆள் தேவைப்படும்னு தோணுது. இருபது வருஷம் கழிச்சும் தேவைப்படுமான்னு கேட்டா தெரியாது. சத்தியமா தெரியாது. எனக்கு இந்த வேலை போனாலும் உன் படிப்புக்கு ஏதாவது பண்ணுவேன், அதுக்காகத் திரும்பி வராத.

உன் காலேஜ் பாரத்த இதோட வச்சிருக்கேன். தகப்பன் கையெழுத்து போட்டாச்சு, எந்தப் பிரிவுங்கற கட்டத்த காலியா விட்டிருக்கேன், நீயே எழுது. இருபதாம் தேதிக்குள்ள கொடுத்துடு. தாயார் கையெழுத்துங்கற இடத்துல ஒரு கோடு போட்டுடணுமாம். பேனாவ வச்சேன், இழுக்க முடியல, ஒரு புள்ளியோட நிக்குது. கேட்டாங்கன்னா அப்பா விட்டுட்டார்னு சொல்லு.

நூறு வருஷம் நல்லா இருடா கண்ணு.

உன் அப்பா