மூன்று நீல மாத்திரை

2025 ஜூன் 5, வியாழன்

இந்தக் கொப்பி யார் கையில் அகப்பட்டாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். மனம் கேட்காவிட்டால் வாசியுங்கள். ஆனால் யாருக்கும் காட்ட வேண்டாம். குவைத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியவே கூடாது.

இன்று காலை அப்பா பல் விளக்கித் துப்பியதில் இரத்தம். “பிரஷ் புதுசு, குத்திருச்சு” என்றார். முழங்கையில் ஓரிடம் கன்றிப்போய் இருக்கிறது. கடையில் துணிக்கட்டு இடித்ததாம். எனக்கு ஏன் பயமாக இருக்கிறது?

அப்பாவின் நெஞ்சில் இருப்பது செயற்கை வால்வு. மூன்று வருஷத்துக்கு முன் வைத்தது. அதில் இரத்தம் கட்டாமல் இருக்க ஒவ்வோர் இரவும் மாத்திரை போட வேண்டும். சரியாக எட்டு மணிக்கு என் கதவில் அப்பாவின் இரண்டு தட்டு. ஆஸ்பத்திரித் தாதியைக் கூப்பிடுகிற மாதிரி, “யசோ மிஸ், நோயாளி வந்திருக்கேன்.” நான் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பேன். அம்மா போன அன்று மாத்திரை டப்பாவை என்னிடம்தான் தந்தார். “அவரு மறந்துருவாரு. நீதான் பாத்துக்கணும்.”

படுத்த பிறகு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் டிக், டிக். வால்வின் சத்தம். அது கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஜூன் 7, சனி

மூக்கிலும் இரத்தம். அரை மணி நேரமாக நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மோகனராஜ் மாமாவின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டில் வைத்துக்கொண்டார்கள். அப்பாவின் அக்கா, பரிமளம் அத்தை, புசல்லாவையிலிருந்து எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது அத்தையின் குறட்டைதான் கேட்கிறது.

எட்டு மணிக்குக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தேன். அடையாளத்துக்கு வைத்திருந்த கடதாசி உறை விழுந்தது. பத்து நாளைக்கு முன் கிளினிக்கில் மாத்திரை போட்டுக் கொடுத்த உறை. மாத்திரையை டப்பாவில் கொட்டிவிட்டு உறையைப் புத்தகத்தில் வைத்தது நான்தான். எல்லாம் சிங்களக் கிறுக்கல். எனக்கு விளங்கியது இலக்கம் மட்டும். மூன்று மில்லிகிராம். அதற்குக் கீழே ஒன்று. அப்படியென்றால் இரவுக்கு ஒன்று.

முன்பு தந்தது பழுப்பு மாத்திரை. ஒரு மில்லிகிராம், இரவுக்கு மூன்று. இந்த முறை நீலம். “நெறம் மாறியிருக்கேப்பா” என்று நான் கேட்டேன். கேட்டேன்தானே? “மருந்துத் தட்டுப்பாடு வந்ததுலருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு நெறந்தான். கம்பெனி மாறியிருக்கும்” என்றார். நானும் மூன்றே கொடுத்தேன். ஒவ்வோர் இரவும்.

மும்மூன்று ஒன்பது.

ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்.

அடுப்படியில் அத்தை கத்துகிறார். “ஆஸ்பத்திரிக்காரங்கதான் மாத்திரைய மாத்திக் குடுத்திருக்காங்க. யாருன்னு தெரியட்டும், மயிரப் பிச்சிர்றேன்.” அவர் பார்ப்பதற்குள் உறையை இந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார். அதை நினைத்ததும் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. ச்சீ. என்ன பிறவி நான்.

ஜூன் 9, திங்கள்

பொய் சொல்லிவிட்டேன்.

வார்டில் சஞ்சீவனி மிஸ் என்று ஒரு தாதி. அவருக்குத் தமிழ் பாதி வரும். மாத்திரையைப் பெத்தி என்பார். “தங்கச்சி, ராவைக்கு எத்தன பெத்தி குடுத்தது?”

“ஒண்ணு மிஸ்.”

எழுதிக்கொண்டார். “ஒன்னுக்கே இப்பிடி ரத்தம்னா, டொக்டர் இனி அரதான் சொல்லுவார்.”

அரை போதாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். மிஸ் நாக்கால் டிக், டிக் என்றார். பிறகு நிறுத்தினார். “ரத்தம் கட்டி. வால்வ் நிக்கும்.”

அந்த நிறுத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. அப்பா, உங்கள் சத்தம் வேண்டும் எனக்கு. இந்தச் சுவர் ஏன் இப்படிச் சும்மா இருக்கிறது?

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமிப் பண்டிகை. வீதியெல்லாம் வெளிச்சக்கூடு. உறையைப் பிய்த்தெடுத்துக்கொண்டு போனேன். மிஸ்ஸின் கையில் வைத்து, “மூணு குடுத்தேன்” என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

மிஸ் முதலில் ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னார். அரை என்று எழுதியிருந்ததை அவர் வெட்டினார். திரும்பி வந்த மிஸ், அப்பாவின் கட்டில் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். “ஐயா, கிளினிக்ல பெத்தி குடுக்கிற நேரம் சொன்னது வெளங்கினதா?”

அப்பா போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வெளங்கல மிஸ். பின்னால நூறு பேரு நின்னாங்க. சரி சரிங்கிறதுக்கு, சிங்களத்துல ஹரி ஹரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“குடுத்த ஆளும் திருப்பிக் கேக்க இல்லயே. சரி தங்கச்சி, இப்ப நீ மிஸ். நா அப்பா. சொல்லித் தா.”

சொன்னேன். நீலம் ஒன்று, இரவு எட்டு மணிக்கு. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. உறையிலிருந்து வெளியே கொட்டக் கூடாது. இரத்தம் கண்டால் அன்றைக்கே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மிஸ், அப்பா மாதிரியே தலையை ஆட்டி, “ஹரி ஹரி” என்றார்.

“அப்படி இல்ல ஐயா. எத்தனன்னு நீங்களே சொல்லுங்க” என்றேன் நான், தாதி மாதிரி.

“மூணு!” என்றார் மிஸ்.

“ஏய், ஒண்ணு! ஒண்ணு!” என்று கத்தினார் பக்கத்துக் கட்டில் மயில்வாகனம் ஐயா. வார்டே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் அத்தை ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “படிக்கிற புள்ளைன்னு பேரு.”

ஜூன் 11, புதன்

அப்பா இன்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரத்தம் நின்றுவிட்டது.

ஜூன் 14, சனி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்துபோய்விட்டார். புதிய உறையை வாங்கி அத்தை தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “இனிமே நான் குடுக்குறேன். நீ பாடத்தப் பாரு.”

உறையில் தமிழில் எழுதித் தரச் சொல்லி வார்டிலேயே மிஸ்ஸிடம் கேட்டிருந்தேன். “நீயே எழுது” என்று மிஸ் பேனாவைத் தந்தார். ‘நீலம். ஒன்று. இரவு எட்டு மணி.’ என் கையெழுத்து இப்போது அத்தையின் பைக்குள் இருக்கிறது.

மாத்திரையை யார் கொடுத்தால் என்ன, அப்பா நன்றாக இருந்தால் போதும். போதும்தானே? இல்லை. அந்த இரண்டு தட்டும் எனக்கு வேண்டும். “யசோ மிஸ்” என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும்.

எட்டு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம். பலகைக்கு அந்தப் பக்கம் டிக், டிக். கட்டில் கிரீச்சிடுகிறது. அப்பா ஏதோ மெதுவாகக் கேட்கிறார். “ஒனக்கென்ன பைத்தியமா தம்பி?” என்கிறார் அத்தை. பிறகு கைப்பையின் சிப் திறக்கிற சத்தம்.

யாரோ நடந்து வருகிறார்கள். அத்தை என்றால் தட்ட மாட்டார், நேரே திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுவார்.

இரண்டு தட்டு