லீவு ரீச்சரும் என் மகளின் பெயரும்

என் அன்புக்கும் சந்தேகத்துக்கும் உரிய லீவு ரீச்சர்,

போன சனிக்கிழமை நூலகத்தின் கீழறையில் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நானும் மஞ்சுவும் வந்திருந்தோம். நான் கதவோரக் கதிரையில்தான் இருந்தேன். ஜெபம் தொடங்கினால் சத்தமில்லாமல் எழும்பிப் போகலாம் என்று. யாரும் ஜெபம் செய்யவில்லை. அதுவும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மஞ்சு உங்களைப் பற்றி முதன்முதலில் சொன்னது நினைவிருக்கிறது. "அம்மா, இண்டைக்கு லைப்ரரியில லீவு ரீச்சர் கதை சொன்னவ" என்றாள். லீவில் நிற்கிற ரீச்சர் ஏன் வந்து கதை சொல்ல வேண்டும்? இவரிடம் கேட்டேன். "வீட்டில இருக்க அலுப்பாக்கும், விடுமப்பா" என்றார். லீவ என்பது உங்கள் பெயர் என்று தெரியவே சில வாரங்கள் ஆயின.

பிறகு விசாரித்தேன். பெல்ஜியம் நாடு, பிளெமிஷ் பாஷை. அங்கே சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவ, பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதியவ, கணவரோடு ரொறன்ரோவுக்கு வந்தவ, அவர் காலமான பிறகு வெக்ஸ்போர்ட் பக்கத்தில் தனியே இருக்கிறவ. எல்லாம் சரி. ஆனால் எங்கள் பிள்ளைகளை இருத்தி வைத்து, ஜூசும் கொடுத்து, சும்மா ஏன் கதை சொல்கிறவ? வீட்டுக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதுகிறவள் நான். சும்மா வருவதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

எங்கள் அகதி வழக்கு முடியாத காலம் அது. நீங்களோ பிள்ளைகள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்கிறவ. கந்தனைக் கும்பிட்டுவிட்டு ஒரு நாள் நானே வந்து பின்வரிசையில் இருந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு கிட்ட வந்து இங்கிலீசில் ஏதோ கேட்டீர்கள். மஞ்சு தமிழில் சொன்னாள்.

"அம்மா, நான் ஏன் ஜூஸ் குடிக்க முன்னம் ஒவ்வொரு முறையும் கும்பிடுறன் எண்டு ரீச்சர் கேக்கிறா."

"நீ எங்கையடி கும்பிட்டனி?"

"வேணுமோ எண்டு கேட்டா நான் ஓம் எண்டுறன். அதை மந்திரம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

ஓம் என்றால் 'யெஸ்' என்று நானே சொன்னேன். நீங்கள் கண்ணை விரித்து, "சாமிக்கும் ஜூசுக்கும் ஒரே சொல்லா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் சமயத்தை நையாண்டி பண்ணுகிறீர்களோ என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு போனேன்.

பிறகுதான் அந்தப் புத்தகம் வந்தது. ட்ராம் வண்டியை ஒவ்வொரு நாளும் தவறவிடுகிற நத்தையின் கதை. உங்கள் பாஷையில் நீங்களே எழுதியது. கதையை மஞ்சு உங்களிடம் கேட்டுப் பாடமாக்கியிருந்தாள். நான் முதல் பக்கத்தைத் திறந்தேன். அதில் உங்கள் கையெழுத்து: 'Lieve Manju'. இங்கிலீசு எழுத்தை நானாகவே கூட்டிப் படித்தவள் நான். உங்கள் பெயர் எனக்கு விளங்காதா? என் பிள்ளையின் பெயருக்கு முன்னால் உங்கள் பெயர்!

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்குப் பேர் வைச்சிட்டா! நாளைக்குத் தலையில தண்ணி தெளிச்சுச் சமயமும் மாத்துவா!"

"உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றார் இவர். சந்தேகப்படாமல் பிள்ளை வளர்க்கிற தாய் எங்கே இருக்கிறாள், ரீச்சர்? புத்தகத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே தூக்கி வைத்தேன். மஞ்சுவை அனுப்புவதையும் நிறுத்தினேன். அவள் அழுதாள். நீங்கள் போன் எடுத்தீர்கள். நத்தைக் கதையை மஞ்சு மற்றப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வாளா என்று அவளைக் கொண்டே என்னிடம் கேட்பித்தீர்கள். இவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இவரைக் கேட்கவில்லை. அடுத்ததாக வந்தது உங்கள் சாவுச் செய்தி.

கூட்டத்துக்கு உங்கள் தம்பி பெல்ஜியத்திலிருந்து வந்திருந்தார். உங்களிடம் படித்தவர்களுக்கு நீங்கள் எழுதிய கடிதங்களில் சிலதை எடுத்து வாசித்தார். ஒவ்வொன்றும் உங்கள் பெயரோடுதான் தொடங்கியது. லீவ அன்னா. லீவ சோபி.

"பாத்தியே, எல்லாருக்கும் தன்ர பேரை வைச்சிருக்கிறா" என்று மஞ்சுவின் காதுக்குள் சொன்னேன்.

"ஐயோ அம்மா, சத்தம் போடாதேங்கோ!"

தேத்தண்ணி குடிக்கும்போது அவரை மறித்து, மஞ்சுவைக் கொண்டு கேட்பித்தேன். உங்கள் அக்கா ஏன் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தன் பெயரை வைத்தவ? அவர் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் சிரித்தார், கண்ணையும் துடைத்தார். மஞ்சு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, லீவ எண்டா உவையின்ர பாஷையில 'டியர்' எண்டுதானாம். அன்புள்ள மஞ்சு எண்டுதான் ரீச்சர் எழுதினவவாம்."

தம்பி அக்காவை விட்டுக்கொடுப்பாரா? நான் நம்பவில்லை. திங்கட்கிழமை நூலகத்துக்குத் தனியே போய், டச்சு அகராதியைக் கேட்டு வாங்கி, விரலை வைத்துத் தேடினேன். பிளெமிஷும் டச்சும் ஒரே பாஷை என்று நூலகப் பிள்ளை சொன்னாள். இருந்தது. அன்பான. பிரியமான. அகராதியை மூடுவதற்கு முன் இன்னொரு முறையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

ஜூசுக்குச் சொன்ன ஓமை நீங்கள் சாமிச் சொல்லாகக் கேட்டீர்கள். ஒரு அன்புச் சொல்லை நான் ஞானஸ்நானமாகக் கண்டேன். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

என் சந்தேகம் முழுதாகத் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். உங்கள் புத்தகத்தில் ட்ராமுக்குப் பின்னால் ஒரு கோபுரம் நிற்கிறது. மணிக்கூட்டுக் கோபுரம் என்கிறாள் மஞ்சு. உச்சியில் இருப்பது சேவலா, சிலுவையா? இவருடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்வேன்.

புத்தகம் இப்போது மஞ்சுவின் தலைமாட்டில் இருக்கிறது. வாற சனிக்கிழமை உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் நின்று அவள் நத்தைக் கதையைத் தமிழில் சொல்வாள். நான் முன்வரிசையில் இருப்பேன். கதவோரத்தில் இல்லை. நீங்கள் போனில் கேட்டதற்கு இன்றைக்குத்தான் என் மறுமொழி வருகிறது.

ஓம், ரீச்சர்.

இப்படிக்கு,
லீவ மஞ்சுவின் அம்மா