அடியில சொட்டினது தண்ணிதான்

என்னங்க,

சோறும் குழம்பும் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க. நான் பஸ்ஸைப் பிடிச்சு அம்மா வீட்டுக்குப் போறேன். அப்பா போனதுல இருந்து அம்மா தூங்குறதே இல்லன்னு தங்கச்சி அழறா.

மெக்கானிக் காரைக் கொண்டுவந்து விட்டுட்டார். சாவி ஃபிரிட்ஜ் மேல. வண்டிக்கு ஒண்ணுமே இல்லையாம். "ஏசி போட்டா அடியில தண்ணி சொட்டத்தாம்மா செய்யும், எல்லா காருக்கும் உள்ளதுதான்"னார்.

அன்னைக்கு அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, ஆயில் ஒழுகுது, தீப்பிடிச்சிடும்னு நிறுத்தினீங்களே, விரலால தொட்டுக்கூடப் பார்க்கல. "எப்படியாவது போயிடலாங்க"ன்னு கெஞ்சினேன். "உன்னையும் பலி கொடுக்கச் சொல்றியா?"ன்னு கத்தினீங்க. அந்த ரோட்டுல வேற வண்டியும் கிடைக்கல. நாம போறதுக்குள்ள அப்பா கண்ணை மூடிட்டார். கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துட்டுக் கிடந்தாராம்.

உங்க பயம் எனக்காகத்தான்னு தெரியும். ஆனா மனசு ஆறல. ரெண்டு நாளைக்குப் போன் பண்ணாதீங்க.

கேஸ்காரர் வந்தா, காலி சிலிண்டர் பின்னாடி இருக்கு.

இன்னொண்ணு. அம்மாகிட்ட இன்ஜின் போயிடுச்சுன்னுதான் சொல்லியிருக்கோம். அது அப்படியே இருக்கட்டும். நான் மாத்திச் சொல்ல மாட்டேன், நீங்களும் வாயை விட்டுடாதீங்க.