மறுபடியும் படுப்பீர்களா என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், அந்தச் சுகத்தில் என் பங்கு மட்டும் போன வருடத்தைவிட நாற்பது கிலோ குறைவு. நீயும் அங்கே குளிருக்குப் போர்த்திக்கொண்டு, நேரத்துக்குத் தூங்கி எழுந்து, மருந்துக்கடை வேலைக்கு ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறோம். கைக்குள் போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போன வாரம் நீ போனில், எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னா மறுபடியும் அந்த ஆபரேஷனுக்குப் படுப்பீங்களா, உண்மையைச் சொல்லுங்கப்பா என்று கேட்டாய். உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் படுப்பேன் படுப்பேன் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, உங்க ஊர்ல மழையா என்று பேச்சை மாற்றிவிட்டேன். அடுத்த மாதம் நீயும் அதே மாதிரி மேஜையில் படுக்கப் போகிறாய், அதுவும் கண்காணாத தேசத்தில் தனியாக. அப்படிப்பட்டவளுக்கு மழைக் கதை சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் தேதியைத் தள்ளிப் போட்டுவிடு, யாரும் உன்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டார்கள், எனக்கு இப்போது அதற்கு வயிற்றில் இடமும் கிடையாது.

நான் சர்க்கரைக்காகவும் முழங்காலுக்காகவும்தான் வயிற்றைச் சின்னதாக்குகிற இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டேன் என்று உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள், என் மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பு. அதெல்லாம் உண்மைதான், ஆனால் என்னை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது ஒரு சதுரக் கதவு. எட்டு மாடிப் பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பல் டாக்டரும் ஒரு பூக்கடைக்காரரும். இந்த மாதிரிப் பழைய லிஃப்டுகளுக்கு மோட்டார் அறை மொட்டை மாடிக்கும் மேலே இருக்கும், இரும்பு ஏணியில் ஏறி, அதன் தரையில் இருக்கிற கதவை மேலே தள்ளித் திறந்து உள்ளே போய், பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீ பிறக்கிறதுக்கு முன்னாலிருந்து நான் செய்கிற வேலை. அன்றைக்குத் தலை போனது, தோள் போனது, மார்பும் போனது, வயிறு போகவில்லை. சரி இறங்கித் தொலைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கீழே இரண்டு பேர் மாட்டிக்கொண்டு மணி அடிக்கிறார்கள், மேலே அவர்களைக் காப்பாற்ற வந்தவன் மாட்டிக்கொண்டு காலை உதைக்கிறான். தீயணைப்புக்காரர்கள் வந்து, முதல்ல யாரை எடுக்கணும் என்று வாட்ச்மேனிடம் கேட்டார்களாம். கதவை நெம்பித் திறந்ததில் லிஃப்டில் இருந்தவர்கள் எனக்கு முன்னால் வெளியே வந்துவிட்டார்கள், அந்தப் பல் டாக்டர் மாடிக்கே ஏறி வந்து, பயப்படாதீங்க, வாயை நல்லாத் திறந்து மூச்சு விடுங்க என்று எனக்குத் தைரியம் சொன்னார். கடைசியில் இடுப்பைச் சுற்றி ஒரு புட்டி சமையல் எண்ணெயை ஊற்றித்தான் என்னை உருவினார்கள். மறுநாள் எங்கள் இன்ஜினியர் அம்மா என்னைக் கூப்பிட்டு, அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இளைச்சு வாங்க, அதுவரைக்கும் ஏணி வேண்டாம், ஆபீஸ்ல போன் எடுங்க என்றார். அவர் நல்லவர், தன்மையாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிந்தது. காது கேட்கிற யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையில் என்னை உட்கார வைத்தால் நான் எதற்கு.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும்தான், கொழுத்துக் கிடக்கிற ஈரல் சுருங்கினால்தான் டாக்டருக்கு உள்ளே கை வைக்க இடம் கிடைக்குமாம். இதை உணவு ஆலோசகர் அம்மா பொறுமையாகச் சொன்னார், கூடவே மாவு டப்பாக்களும் கொடுத்தார், உன் அம்மாவும் தலையைத் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து அந்த மாவைக் கரைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், இது சுவத்துக்கு அடிக்கிறதுங்க, மனுசனுக்குக் கொடுக்கிறதில்ல என்று டப்பாவை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு மிக்ஸியை எடுத்தாள். தண்ணியா இருக்கணும்னுதானே சொன்னாங்க, என்ன தண்ணின்னு சொல்லலையே என்பது அவள் வாதம். கோழியைப் பொரித்து அரைத்தாள், உருளைக்கிழங்கை வெண்ணெய் போட்டு அரைத்தாள், ஒரு நாள் மீனையும் சோற்றையும் சேர்த்து அரைத்தாள், ஞாயிற்றுக்கிழமை சாக்லேட் கேக்கைப் பாலில் அடித்து இரண்டு தம்ளர் கொடுத்தாள். எனக்குத் தெரியாதா என்று கேட்காதே. தெரியும். ஆனால் பார்த்தால் நீராகாரம் மாதிரித்தான் இருந்தது, நானும் ஒரு வைராக்கியசாலி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தேன். இரண்டு வாரம் கழித்துப் போய் எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருக்கிறது. ஆலோசகர் எந்திரத்தைத் தட்டிப் பார்த்தார், வேறு எந்திரத்தில் ஏற்றினார், அதிலும் அதே மூன்று கிலோ. என்னம்மா கொடுத்தீங்க என்று கேட்டார். உன் அம்மா ஒளிவுமறைவு இல்லாமல், பெருமையாக, ஒவ்வொரு நாளும் அரைத்ததை எல்லாம் ஒப்பித்தாள். கேக் வரைக்கும் வந்தபோது அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். தேதி தள்ளிப் போனது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் உன் அம்மா, நான் உங்களைப் பட்டினி போட்டதே இல்லைங்க, எனக்கு எப்படின்னே தெரியலை என்று நின்றபடியே அழுதாள். இரண்டாவது தடவை அந்த மாவை நானே கரைத்தேன். அவள் சொன்னது சரிதான், அது சுவருக்கு அடிக்கிற பொருள்தான், ஆனால் நாலாம் நாளோடு பசி அடங்கிவிடுகிறது, அந்த மூன்று நாளை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு.

ஆபரேஷன் அன்றைக்கு என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து லிஃப்டில் ஏற்றினார்கள். படுத்துக்கொண்டு லிஃப்டில் போவது எனக்கு அதுதான் முதல் தடவை, மேலே பார்த்துக்கொண்டே காது கொடுத்தால் கதவு உருளை தேய்ந்து ஒரு பக்கம் உரசுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. சிஸ்டர், இந்த உருளையை மாத்தச் சொல்லுங்க, இல்லேன்னா கதவு ஒருநாள் பாதியில நிக்கும் என்றேன். மயக்க மருந்து இன்னும் கொடுக்கவே இல்லையே என்று அந்த நர்ஸ் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் பேசிக்கொண்டே போனதற்குக் காரணம் உருளை இல்லை மகளே, பயம். நல்ல பயம். உன் அம்மா கதவு வரைக்கும் என் கால் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள், அங்கே விடச் சொன்னார்கள், விட்டாள், அந்த இடத்தில் எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த உடம்போடு எவ்வளவு தூரம் ஓடியிருப்பேன் என்பது வேறு விஷயம். உனக்கும் அந்த வாசலில் அப்படித்தான் இருக்கும், அப்போது எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று நினைக்காதே.

கண் விழித்தால் வயிறு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன், தோள்பட்டை வலித்தது. யாரோ தூக்கும்போது கீழே போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் அடைத்த காற்று மேலே ஏறி அப்படிக் குத்துமாம், எழுந்து நடந்தால்தான் போகுமாம், சாயங்காலமே பிடித்து நடக்க விட்டுவிட்டார்கள். நீயும் சோம்பல் படாமல் நட. மருந்து மூடி அளவில்தான் தண்ணீர், உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க வேண்டும், அவசரப்பட்டால் அது வந்த வழியே திரும்பும். வயிற்றில் வெட்டினது போக ஒரு வாழைப்பழம் அளவுதான் மிச்சம் என்று டாக்டர் சொன்னார், நான் நம்பவில்லை. நீராகாரம் முடிந்து அவித்த முட்டை சாப்பிட ஆரம்பித்த வாரத்தில், உன் அம்மா அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். அடுத்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு, குளியலறைச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் முட்டையைக் கண்டால் கும்பிடு போடுகிறேன். மருந்துக்கடைக்காரிக்கு வைட்டமின் மாத்திரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் விற்கிறவள் விழுங்க மறந்துவிடுவாள், ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். நாலாம் மாதம் முடி கொட்டியது. முடிவெட்டுகிற உன் மாமாவுக்குத்தான் பெரிய அவமானம், அக்கா வீட்டுக்காரருக்கே இப்படின்னா எவன் என் சலூன் படியேறுவான், கடைப்பக்கம் வராதீங்க அத்தான் என்றுவிட்டான். இப்போது திரும்ப முளைத்துக்கொண்டிருக்கிறது, வாரம் ஒருமுறை வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போகிறான்.

அவன் கதை தனிக் கதை. உன் அம்மாவுக்கு என் சாப்பாட்டு அளவில் சமைக்க வரவே இல்லை. சின்னப் பாத்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், இதுல செஞ்சா பொம்மைக்குச் செய்யுற மாதிரி இருக்குங்க என்று மூலையில் வைத்துவிட்டாள். பழைய பானையில் பழைய அளவில் சமைப்பாள், நான் மூன்று கரண்டியோடு எழுந்துவிடுவேன், மீதியெல்லாம் மாடியில் குடியிருக்கிற அவள் தம்பிக்கு, அதுதான் உன் மாமாவுக்குப் போகும். தனிக்கட்டை, கிடைத்தது லாபம் என்று அவனும் தட்டைக் கழுவி அனுப்புவான். நான் இறக்கி வைத்ததையெல்லாம் அவன் எடுத்து ஏற்றிக்கொண்டான், போன வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு அதே ஆலோசகரிடம் போனோம். அவர் அவனைப் பார்க்கவில்லை, உன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறேன், ஆனால் அவளுக்கு வருத்தம்தான். தட்டை எடுக்கும்போது, நல்லாயில்லையாங்க என்று இன்றைக்கும் கேட்கிறாள். குறட்டை நின்றதுகூட அவளுக்கு நிம்மதியாக இல்லை, சத்தம் வரவில்லையே என்று என்னை உலுக்கி எழுப்பி, ஒண்ணுமில்ல தூங்குங்க என்கிறாள்.

எனக்கும் இழப்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பசி போய்விட்டது, ஆசை போகவில்லை. பேக்கரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் இரண்டு பஸ்ஸை விட்டிருக்கிறேன். தோல் தொங்குகிறது, முகம் இறங்கிப் பத்து வயது கூடித் தெரிகிறது, நீயே வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் தனியாக அழுதாயாம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்காருகிற அந்தச் சுகம் இனிமேல் எனக்கு இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நீ போக வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அதே எட்டு மாடிக் கட்டடத்திலிருந்து அழைப்பு. நான்தான் போனை எடுத்தேன். இன்ஜினியர் அம்மாவைப் பார்த்தேன், அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போயிட்டு வாங்க அண்ணே என்றார். ஏணியில் ஏறிக் கதவை மேலே தள்ளினேன். தலை, தோள், மார்பு, அப்புறம் வயிறு வரப்போகிறது வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், பார்த்தால் காலே உள்ளே வந்துவிட்டது. அந்த அழுக்குத் தரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு சக்கரத்தைச் சுற்றி லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து, கீழே போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே இருந்த அம்மாள், இவ்வளவு நேரமா, என்னய்யா வேலை பார்க்கிறீங்க, உங்க கம்பெனியே இப்படித்தான் என்று பொரிந்து தள்ளிவிட்டுப் போனார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். இத்தனை வருடமாக எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் என் வயிற்றைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகம். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, ஒரு மெக்கானிக்கைத் திட்டுகிற மாதிரி என்னைத் திட்டினார். அதனால் உன் கேள்விக்கு என் பதில், படுப்பேன். அம்மா பக்கத்தில் இல்லாதபோதும் படுப்பேன். ஆனால் இது என் பதில், உன்னுடையது நீ சொல்ல வேண்டியது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக இன்னொன்று சொன்னாய், பஸ் எவ்வளவு நெரிசலா இருந்தாலும் என் பக்கத்து சீட்ல மட்டும் யாரும் உக்கார மாட்டாங்கப்பா, காலியாவே வரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் நானும் அம்மாவும் வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லாதே. நீ ஆபரேஷனுக்குப் போனாலும் சரி, மனம் மாறி வீட்டிலேயே இருந்தாலும் சரி, வருகிறோம். போவதானால் குனிந்து மாட்ட வேண்டாத செருப்பாக எடுத்து வைத்துக்கொள், முதல் வாரம் குனிய முடியாது. நீ நோய்நொடி இல்லாமல், எந்த உடம்போடு இருந்தாலும் நிமிர்ந்து நடந்து, நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். விமான நிலையத்துக்கு டாக்ஸி எதுவும் சொல்லிவைக்காதே. மூன்று பேரும் பஸ்ஸிலேயே போகலாம், அம்மா ஜன்னலோரம் எங்கேயாவது உட்கார்ந்துகொள்ளட்டும், உன் பக்கத்து சீட்டில் நான் உட்காருகிறேன், இப்போது அதில் நான் அடங்குவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா