பதினான்காம் அறை பூட்டியிருந்தது

மார்ச் 4, செவ்வாய்

வார விடுமுறை. ஆறு நாள் ஆஸ்பத்திரி லாண்டரியில் ஊரார் விரிப்பெல்லாம் துவைத்து மடித்துவிட்டு ஏழாம் நாள் என் வீட்டு விரிப்பைத் துவைக்கிறேன். நாள் முழுக்க அறையிலேயே இருந்தேன். யாரும் வரவில்லை, எதுவும் நடக்கவில்லை. துவைத்த நான்கும் மாலை வரை ஈரம். காயாது. ஜன்னல் பதிமூன்றாம் அறையில் இருக்கிறது.

பதிமூன்று சின்னவளுடையது. என் ஓரகத்தி, இவர் தம்பி மனைவி. பழைய குடியிருப்பு விரிசல் விட்டுவிட்டது என்று எங்களையெல்லாம் கிளப்பி, இந்தப் பழைய தொலைபேசி அலுவலகத்தைப் பலகையால் தடுத்துக் குடிவைத்தார்கள். ஆறு மாதம்தான் என்றார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. சீட்டு எடுத்தபோது ஜன்னல் அவள் கைக்குப் போயிற்று, எனக்குப் பலகை. அவளாக என்ன செய்தாள், சீட்டு அப்படி விழுந்தது என்று இவர் சொல்கிறார். அவள் கைக்கு மட்டும் ஏன் எப்போதும் அப்படி விழுகிறது?

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுவசதி ஆபீஸிலிருந்து சரிபார்ப்புக்கு ஆள் வந்தார். புது அடுக்குமாடியில் வீடு ஒதுக்குவதற்கு முன்னால், நாங்கள் நிஜமாகவே இங்கே குடியிருக்கிறோமா என்று மூன்று தடவை வந்து பார்ப்பார்களாம். பச்சை மையில் எழுதுகிறார். அதற்குள் தளம் முழுக்க அவருக்குப் பச்சைப் பேனா என்று பெயர் விழுந்துவிட்டது.

பத்தேகாலுக்கு மாடி ஏறியவர் நேரே பதிமூன்றுக்குள் போய் உட்கார்ந்தார். படிக்கட்டை ஒட்டிய அறை, சரி. அதற்காக அத்தனை உபசாரமா? உட்காருங்க சார், ஃபேனுக்குக் கீழ உட்காருங்க சார், டீ சாப்பிடுங்க சார். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஸ்பூன் கலக்குகிற சத்தம் வரை கேட்டது. சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை அவள் புருஷனிடம்கூடக் காட்டி நான் பார்த்ததில்லை.

நான் என் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அரை மணி நேரம். அவர் வெளியே வந்தார், என்னைப் பார்த்தார். சார், நான் பதினாலு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளிடம் குழைந்துவிட்டு வருகிற ஆளை நான் ஏன் கூப்பிட வேண்டும், தானாக வரட்டும் என்று வீம்பாக நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். இன்னும் இரண்டு தடவை வருவார்தானே. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 19, புதன்

வேலையிலிருந்து வந்தபோது பதிமூன்று பூட்டியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக விடிந்ததும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்களாம், நாளைக்குத்தான் வருவார்களாம். புதுச் செருப்பு போட்டிருந்தாளாம். சொன்னது இவர். காலில் சுளுக்கு என்று பஸ் ஓட்டப் போகாமல் கதவைத் திறந்துபோட்டுப் படுத்திருக்கிறார். சுளுக்கு காலில்தான் போலிருக்கிறது, கண் நன்றாக வேலை செய்திருக்கிறது. அவள் செருப்பை இவர் எதற்குப் பார்த்தார் என்று கேட்டேன். சுளுக்குக் காலைத் தடவிக்கொண்டார்.

பச்சைப் பேனா வந்தாரா என்று கேட்டேன். ஒருத்தரும் வரவில்லையாம்.

ஏப்ரல் 2

அவள் ஜன்னல் தொட்டியில் பூ. எனக்கு ஷிப்டில் இன்று இருநூற்றுப்பத்து விரிப்பு.

மே 6, செவ்வாய்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பதிமூன்று இருக்கிறது. பதினைந்து இல்லை, பதினாறு இல்லை, மொத்தம் பதினொரு அறை இல்லை. பதினான்கு இல்லை.

மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை.

ஒரே நாள், ஒரே கவுன்ட்டரில் மனு கொடுத்தோம். வரிசையில் அவள் எனக்குப் பின்னால் நின்றாள். அவள் எழுத என் பேனாவைத்தான் கொடுத்தேன். ஐந்தாம் மாடியாம், இரண்டு பக்கம் ஜன்னலாம். சாயங்காலம் வந்து வாசலில் நிற்கிறாள். "உங்களுக்கு அடுத்த பட்டியல்ல கண்டிப்பா வரும்க்கா." வாய்க்கு வாய் அக்கா. என்னடி உனக்கு என் மேல கரிசனம், போய் உன் ரெண்டு ஜன்னலையும் தொடச்சு வைன்னு சொல்ல நாக்கு துடிச்சுது. சந்தோஷம்னு சொன்னேன். சொல்லிட்டு உள்ள வந்து அடுப்பைப் பத்த வைக்காமலே பால் பாத்திரத்தை வெச்சுட்டு நின்னுட்டிருந்தேன். எரியுது. யார்கிட்ட சொல்ல?

மே 13, செவ்வாய்

ஆபீஸ். ஒன்றாம் கவுன்ட்டர் நான்கைக் காட்டியது, நான்கு மறுபடி ஒன்றைக் காட்டியது. மதியம் ஒரு பையன் கணினியைப் பார்த்துச் சொன்னான்: "நீங்க அந்த இடத்துல குடியிருக்கலன்னு பதிவாகியிருக்கும்மா." அந்த இடத்திலிருந்துதான் வருகிறேன் என்றேன். அதை அங்கே வருகிறவரிடம்தான் நிரூபிக்க வேண்டுமாம்.

எதிரே ஜெராக்ஸ் கடை. ஊர் மனுவையெல்லாம் நகலெடுத்து எடுத்தே கடைக்காரிக்குச் சட்டம் அத்தனையும் தலைகீழ்ப் பாடம். "ஏன் இல்லைன்னு கேட்டா மழுப்புவாங்க. சரிபார்ப்பு ஏட்டோட நகலைக் கேளுங்க. முப்பது நாள்ல குடுத்தே ஆகணும்," என்றாள். எழுதியும் கொடுத்தாள்.

ஜூன் 12

நகல் வந்தது.

மார்ச் 4, மார்ச் 11, மார்ச் 19. மூன்று தேதிக்கு நேரேயும் ஒரே வாசகம்: பதினான்காம் அறை பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தார் சாட்சி என்ற இடத்தில் மூன்று கையெழுத்து.

மூன்றும் சின்னவளுடையது.

ஜூன் 13

இவரிடம் சொல்லவில்லை. குழாயடியில் அவளும் நானும் ஒரே நேரத்தில் வந்து நின்றோம். அவள் குடத்தை முதலில் வைக்கவிட்டேன். எனக்கே ஆச்சரியம். கோபம் இல்லை, அதுதான் உண்மை. நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். இத்தனை நாள் பொறாமைக்காரி என்று என்னை நானே திட்டிக்கொண்டது வீண்.

ஜூன் 17, செவ்வாய்

ஜெராக்ஸ்காரி ஏட்டைப் படித்துவிட்டு, அந்த மூன்று நாளும் வீட்டில் ஆள் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டாள். யோசிக்காமல், நாட்குறிப்பு எழுதுவேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

நோட்டை வாங்கி நின்றபடியே படித்தாள். பதினொன்றாம் தேதிக்கு வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. பிறகு முகம் மாறிவிட்டது. பத்தொன்பதாம் தேதி ஊரிலேயே இல்லாதவள் அன்றைக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டாள் என்று கேட்டாள். பச்சைப் பேனா வந்ததே ஒரு நாள்தான். பதினொன்றாம் தேதி டீயைக் குடித்துக்கொண்டே முந்தின தேதிக்கும் வராத தேதிக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பட்டியலில் விட்டுப்போன பதினொரு அறைக்கும் இதே கதையாகத்தான் இருக்கும் என்றாள்.

"உங்க வயித்தெரிச்சல்தான்க்கா சாட்சி," என்றாள்.

ஆனால் வேண்டிய வரியை மட்டும் வெட்டிக் கொடுக்க முடியாதாம். பக்கம் முழுதாகப் போக வேண்டும். குறைதீர்ப்பு விசாரணை எல்லாரும் உட்கார்ந்திருக்க நடக்கும், அங்கே வாய்விட்டுப் படிப்பார்கள். சாட்சி என்பதால் சின்னவளையும் கூப்பிடுவார்கள். சிரிப்பு, செருப்பு, ஸ்பூன் சத்தம் எல்லாம் படிப்பார்கள்.

ஜூன் 24

வீடா, மானமா? ஒரு வாரமாக இதே யோசனை. லாண்டரியில் இஸ்திரி மெஷினில் விரலைக் கொடுக்க இருந்தேன். நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். மானத்தை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 1, செவ்வாய்

விசாரணை. குறைதீர்ப்பு அதிகாரி ஒரு அம்மாள், தலை நிமிராமல் கேள்வி கேட்கிறவர். முதலில் பச்சைப் பேனா. மூன்று முறை நேரில் போனேன், பூட்டியிருந்தது, சாட்சிக் கையெழுத்து இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொன்னார். அதன்பின் ஒரு எழுத்தர் என் பக்கங்களைப் படித்தார். இழுத்து இழுத்து, ஒரு கால்புள்ளிகூட விடாமல் படித்தார். கூடமே சிரித்தது. என் கணவர் தரையைப் பார்த்தார். கொழுந்தன் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சின்னவள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள், அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தேன். பச்சைப் பேனாகூட அதற்குத்தான் காத்திருந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"படிச்சிட்டுத்தான் போட்டேன். அக்கா எழுதினது எல்லாம் நிஜம். கதவு திறந்துதான் இருந்துது, அக்கா வாசல்லதான் நின்னாங்க. வரிசையில ஆள் குறைஞ்சா உங்களுக்குச் சீக்கிரம் வரும்னு சார் சொன்னாரு."

அக்காவென்று தெரிந்துமா போட்டீர்கள் என்று அந்த அம்மாள் முதல் முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுதான். எங்க வீட்டுல எல்லாம் அவங்களுக்குத்தான் முதல்ல. வேலைக்குப் போறவ, சம்பாதிக்கிறவ, பெரியவளைப் பாரு பெரியவளைப் பாருன்னே கேட்டுக் கேட்டு... ஒரு தடவை எனக்கு முதல்ல வரட்டும்னு நெனச்சேன்."

என்னைப் பார்த்தா? காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுத்தவர் இரத்தக் கறையைத் துவைக்கப் போகிற என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாளோ?

ஜூலை 15, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. பதினொரு அறைக்கும் பட்டியலில் இடம். எனக்கு இரண்டாம் மாடியில் வீடு. பொய்ச் சாட்சிக் கையெழுத்துக்காகப் பதிமூன்றாம் அறையின் ஒதுக்கீடு ரத்து. பச்சைப் பேனாவுக்குப் பிரிவு மாற்றம்.

எனக்கு வீடு, அவளுக்கு இல்லை. இந்த வரியை இரண்டு தடவை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எனக்கு வீடு, அவளுக்கு இல்லை. நாள் முழுக்கத் தித்தித்தது. அப்படியில்லை என்று இங்கேயும் பொய் எழுதினால் அப்புறம் எதற்கு இந்த நோட்டு?

சாவி வாங்க ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உத்தரவு முழுவதையும் ஏற்கிறேன், மேற்கொண்டு ஆட்சேபணை இல்லை என்று. நாளைக்குப் போகிறேன்.

ஜூலை 16

லாண்டரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். படிவத்தை நீட்டினார்கள். பேனாவும் எடுத்துவிட்டேன். பக்கத்து மேஜையில் பச்சைப் பேனா. பிரிவு மாற்றம் என்றால் இந்த மேஜையிலிருந்து அந்த மேஜை. அதே பச்சை மை. என்னைப் பார்த்து, "வீடு வந்துடுச்சா, சந்தோஷம்மா," என்றார். அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

கையெழுத்துப் போட்டவளுக்கு வீடு போச்சு. போடச் சொன்ன ஆளுக்கு ஃபேனுக்குக் கீழே மேஜை.

அவள் எனக்குச் செய்தது துரோகம்தான். அது எனக்கும் அவளுக்கும் இருக்கிற சண்டை. எப்போது போடுவது, எவ்வளவு நாள் பேசாமல் இருப்பது எல்லாம் நான் முடிவு செய்து கொள்கிறேன். எங்கள் குடும்பச் சண்டையின் முதுகுக்குப் பின்னால் இந்த ஆபீஸ் ஒளிந்துகொள்ள நான் விடுவதாக இல்லை. படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனேன்.

ஜெராக்ஸ்காரி இரண்டு முறை கேட்டாள், யோசித்துத்தான் செய்கிறேனா என்று. பாதிக்கப்பட்டவள் நான், நான் ஆட்சேபித்தால்தான் ரத்தை மறுபடி பார்ப்பார்கள். அதுவரை என் சாவியும் கிடைக்காது. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி போடலாமா என்றாள். அதெல்லாம் வேண்டாம், என் புகார் ஆபீஸ் மேல், அவள் மேல் இல்லை என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலை 29

சாவி இன்னும் ஏன் வரவில்லை என்று இவர் ஆபீஸைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஆமாம் ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 12

மறுவிசாரணை முடிந்தது. என்னை மட்டும்தான் கூப்பிட்டார்கள். இது உங்கள் வீட்டைத் தாமதப்படுத்தும் என்று தெரியுமா என்று அந்த அம்மாள் கேட்டார். தெரியும் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சாவி. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. மூடினேன், நின்றது. மறுபடி திறந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சின்னவள் இன்று குடிவந்தாள். ரத்து நீங்கிவிட்டது, ஆபீஸே தானாக மறுபடி பார்த்தது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பச்சைப் பேனா மேல் துறை விசாரணை தொடங்கியிருக்கிறது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. எத்தனாவது நாள் என்று தனித் தாளில் தேதி போட்டு வருகிறேன். ஐந்து மாடியும் நாங்கள் நான்கு பேரும் சுமந்தோம். அவளோடு நான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மெத்தையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை நான் பிடித்தேன். அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை.

இரண்டு பக்கம் ஜன்னல். எதிரே கட்டிடமே இல்லை, காற்று ஆளைத் தள்ளுகிறது. என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பம்பு அறைச் சுவர். வீடு எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். இறங்கி வருகிற வரைக்கும் வயிறு எரிந்தது.

சாப்பிடும்போது கொழுந்தன் ஆரம்பித்தார், உத்தரவு போட்ட பிறகும் ஐந்து வாரம் அண்ணிக்குச் சாவி தராமல் இழுத்தடித்தார்களே, இந்த ஆபீஸை என்ன செய்தால் தகும் என்று. இவரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் சின்னவளும், "பாவம் அக்கா, எத்தனை நடை நடந்தாங்க," என்றாள்.

இரண்டு வருஷத்துக்கும் ஆபீஸ்தான் பொறுப்பு. அந்த ஐந்து வாரத்துக்கு இல்லை. நான் குனிந்து சாப்பிட்டேன்.