அத்தை இல்லை என்று எழுதிய மனு

பிப்ரவரி 9

மருமகனின் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகளும் உன் தம்பியும் விபத்தில் போனபின் பேத்தியை நான்தான் வளர்க்கிறேன். ஆனால் பள்ளியில் சேர்க்க, பல்லைப் பிடுங்க, எதற்கும் என் கையெழுத்து செல்லாதாம். கோர்ட் என்னைக் காப்பாளராக ஏற்க வேண்டுமாம். சட்ட உதவி மையத்து வக்கீலம்மா மனுவை இலவசமாக எழுதித் தருகிறேன் என்றார். நான் ஒப்பவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையையே புத்தகம் பார்த்துக் கற்றவன். மனு எழுதத் தெரியாதா?

தந்தைவழி உறவினர் என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதினேன். சாவு வீட்டில் நின்றுகொண்டு, "பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று நீ சொன்ன அன்றே உங்கள் பக்கத்தைத் தலைமுழுகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் நீதிபதி அவளிடம், "கவுன் அழகா இருக்கே, யார் கொடுத்தது?" என்றார். "அத்தை தச்சு அனுப்புவாங்க. தாத்தா கேட்டா கீழ்வீட்டு அக்கா கொடுத்தாங்கன்னு சொல்லணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

மார்ச் மூன்றாம் தேதி உன்னை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். வந்து நின்றால் போதும். பேச வேண்டியதில்லை.

குழந்தையின் தாத்தா


பிப்ரவரி 17

மாமாவுக்கு வணக்கம்.

இல்லாதவளுக்கு உங்கள் கடிதம் கிடைத்தது. தையல் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன்.

அன்று நீங்கள் சுருண்டு கிடந்தீர்கள். குழந்தை பசியில் அழுதது. 'நாலு நாள் வைத்திருந்து கொண்டுவந்து விடுகிறேன்' என்றுதான் சொல்ல வந்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டீர்கள்.

வக்கீலம்மாவிடம் பேசினேன். 'அத்தை உண்டு' என்று நீங்கள் ஒரு திருத்த மனு கொடுத்தால் வழக்கு முடிந்துவிடுமாம். "நீங்களாவது சொல்லிப் பாருங்க" என்றார். நான் சொல்லி நீங்கள் எதைக் கேட்டிருக்கிறீர்கள், மாமா?

அன்புடன்,
இல்லாத அத்தை


மார்ச் 5

மாமாவுக்கு,

"இவங்க யாரு?" என்று நீதிபதி மூன்று தடவை கேட்டார். நீங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். கடைசியில் குழந்தைதான், "என் அத்தை" என்றாள்.

உறவை மறைத்தவரிடம் பிள்ளையை எப்படி ஒப்படைப்பது என்று அவர் கேட்டதில் தப்பில்லை. "நீங்க வச்சுக்கிறீங்களா?" என்று என்னையும் கேட்டார். ஆசை இல்லையா எனக்கு? ஆனால் தாத்தா முதுகில் காலைப் போட்டால்தான் தூக்கம் வரும் என்று வராண்டாவில் அவளே சொன்னாள்.

இருபதாம் தேதிக்குள் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் என்னிடம். தாத்தாவிடமிருந்து பறித்துக்கொண்டு வந்தவளாக அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உங்கள் வீம்பில் மாட்டிக்கொண்டது நீங்கள் மட்டும் இல்லை.

எழுதிக் கொடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அவள் அத்தை


மார்ச் 26

குழந்தையின் அத்தைக்கு,

மனுக் கொடுத்துவிட்டேன். வக்கீலம்மா எழுதிக் கொண்டுவந்ததில், 'தவறுதலாக விடுபட்டுவிட்டது' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, 'தெரிந்தே எழுதினேன்' என்று போட்டேன். தவறுதலாக நான் எதையும் எழுதுவதில்லை. "ஏன் சார் என் உயிரை வாங்குறீங்க" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நீதிபதி என்னைக் காப்பாளராக்கிவிட்டார். கூடவே ஒரு நிபந்தனை. மாதத்தின் முதல் ஞாயிறு அவளை நானே உன் வீட்டுக்கு அழைத்து வந்து, மாலையில் நானே திரும்பக் கூட்டிப் போக வேண்டுமாம். அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை. அப்போது எனக்கு எண்பத்திரண்டு. அதுவரை சாகவும் விடமாட்டார்கள் போலிருக்கிறது.

ஐந்தாம் தேதி வருகிறோம். கொண்டுவந்து விடத்தான் உத்தரவு. உள்ளே வரச் சொல்லி உத்தரவு இல்லை. மாலைவரை வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவராதே.

கதவை மட்டும் சாத்தாதே. நான் எங்கே என்று அவள் தேடுவாள்.

தாத்தா